மே மாதத்துப் பயம்

மே 9

நேற்று பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. இன்று சாயங்காலம் மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கியதும் என் மாணவி ஒருத்தியின் அம்மா நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். தேவாரம், போடிப் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புகிறவர்கள். அவர் சேலைக் கரையில் தோட்டத்து ஈரமண் இன்னும் காயவில்லை. கையில் மகளின் மார்க் எழுதிய துண்டுச்சீட்டு: கணக்கு 88, இயற்பியல் 82, வேதியியல் 86.

“டீச்சரம்மா, எங்க அண்ணன் ஒரு இன்ஜினியரிங் காலேஜைச் சொல்றாக. இந்த வாரத்துக்குள்ள அம்பதாயிரம் கட்டிட்டா சீட்டு உறுதியாம். தோட்டைக் கழட்டித் தரட்டுமான்னு கேக்கத்தான் வந்தேன்.”

கட்டாதீங்கம்மா என்றேன். கணக்கு மார்க்கை முழுதாகவும் மற்ற இரண்டையும் பாதி பாதியாகவும் கூட்டினால் கட்-ஆஃப் 200க்கு 172. அரசு நடத்தும் கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைக்கக்கூடிய மார்க் இது. தனியார் கல்லூரிகளே நூற்றுக்கு 65 இடங்களை அரசு ஒதுக்கீட்டுக்குத் தர வேண்டும். சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50. அந்த இடங்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம்தான். அதே கல்லூரியின் அதே பெஞ்சுக்கு மே மாதம் ஒரு விலை, கவுன்சலிங் வழியாக ஆகஸ்டில் வேறொரு விலை. இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அண்ணனிடம் காட்ட வேண்டுமாம்.

மே 13

அந்த ஐம்பதாயிரத்தைக் கேட்டவர் இன்று பள்ளி வாசலிலேயே நின்றிருந்தார். கன்சல்டன்சி என்று சொல்லிக்கொள்கிறார். பிள்ளைகளின் போன் நம்பர் அவரிடம் எப்படியோ இருக்கிறது. “கவுன்சலிங்ல எங்கயோ தூரத்துல தூக்கிப் போட்ருவாங்க, பொம்பளப் புள்ளய எப்படி அனுப்புவீங்க?” என்று கேட்டே பெற்றோரைக் கலங்கடிக்கிறார். கவுன்சலிங்கில் நாம் எழுதிக் கொடுக்காத கல்லூரி நமக்கு வராது. இந்த ஒரு செய்தி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தால் அவர் பேச்சு எடுபடாது.

கட்டணத்துக்கு மேல் டொனேஷன் வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. வகுப்பு தொடங்குமுன் விலகினால், செயலாக்கச் செலவாக அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும், ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது ஏஐசிடிஇ விதி. ஆனால் ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்கு எந்த விதியைக் காட்டுவது? போன வருஷம் என் மாணவன் ஒருவனின் டிசியை ஒரு கல்லூரி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டது. கவுன்சலிங்கில் இடம் கிடைத்தும் அவன் அப்பா அங்கேயே சேர்த்துவிட்டார். எனக்கு இன்றும் ஆறவில்லை.

மே 21

சான்றிதழ் வேலை. சாதி, இருப்பிடம், வருமானம், முதல் பட்டதாரி எல்லாம் இ-சேவை மையத்தில் பதிவு செய்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. தாண்டித் தாலுகா ஆபீஸ் வரை போய் வர வேண்டும்.

இன்று ஒரு ஏமாற்றம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021இல் வந்தபோது எங்கள் பள்ளியில் நாங்கள் இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் செலவு எல்லாம் அரசே ஏற்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். ஏலத்தோட்டத்து அம்மாவின் மகளோ ஆறும் ஏழும் ஆச்சி வீட்டிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவள். அங்கும் தமிழ் வழிதான், அங்கும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான். அந்த இரண்டு வருஷத்தால் நான்கு வருஷச் செலவு தலையில் விழுகிறது. உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளையும் இந்த ஒதுக்கீட்டில் சேர்க்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

புதுமைப் பெண் திட்டத்தை அப்படி விரித்திருக்கிறார்கள். 2024 டிசம்பரிலிருந்து உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. முதல் பட்டதாரிச் சலுகையும் உண்டு. ஆனால் தனியார் கல்லூரி என்றால் அது கட்டணத்தில் ஒரு பகுதியைத்தான் குறைக்கும். முழுக்க இலவசம் என்று நினைத்துச் சேர்ந்துவிட்டு, இரண்டாம் செமஸ்டரில் தவிக்கும் வீடுகள் பல.

ஜூன் 4

அவளுடைய அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். அம்மா, மகள், நான் மூவருமாக மேலச்சொக்கநாதபுரத்தில் இருக்கிற போடி அரசு பொறியியல் கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பயணச் செலவே இல்லை. லேபில் ஜன்னலோரம் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். செம்புச் சுருளைத் தொட்டுப் பார்க்கலாமா என்று அங்கிருந்த ஆசிரியரிடம் கேட்டு, அவள் விரலால் மெல்லத் தடவினாள். “புக்குல படம் மட்டுந்தான் மிஸ் பாத்திருக்கேன்” என்றாள்.

திரும்பி வந்து அவள் மாமா சொன்ன கல்லூரியின் கட்டண விவரத்தை விரித்து வைத்துக் காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டணக் குழு 2017இல் வைத்த தொகை வருஷத்துக்கு 50,000. தரச்சான்று பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. எல்லோரும் பார்ப்பது இந்த வரியை மட்டும்தான். கீழே வரிசையாக வருகிறது: கல்லூரி பஸ், ப்ளேஸ்மென்ட் ட்ரெய்னிங், புத்தகம், யூனிஃபார்ம், பரீட்சைக் கட்டணம். பஸ்ஸுக்கு மட்டும் 28,000. பஸ்ஸில் வராவிட்டாலும் கட்ட வேண்டுமாம். அம்மா ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நான்கு வருஷத்துக்குப் பெருக்கியபோது பேச்சில்லை. அரசுக் கல்லூரியில் ஒரு வருஷம் முழுக்கக் கட்டுவது, இங்கே ஒரு செமஸ்டருக்குக் கட்டுவதை விடக் குறைவு.

தனியாரில் நல்ல கல்லூரியே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சேருமுன் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. ஒற்றை இலக்கத்தில் நிற்கும் கல்லூரிகளும் அதில் உண்டு. அங்கே ஃபீஸைப் பாதியாகக் குறைத்துத் தந்தாலும் வேண்டாம் என்பேன். அரியர் வைத்துக்கொண்டு வெளியே வந்து, டிகிரி கைக்கு வராமல், கேம்பஸ் வேலையும் கிடைக்காமல் துணிக்கடையில் நிற்கும் பழைய மாணவர்களை நான் தேனியில் பார்க்கிறேன். தன்னாட்சிக் கல்லூரிகள் சொந்தமாகப் பரீட்சை நடத்துவதால் இந்தப் பட்டியலை வைத்து அவற்றை எடைபோட முடியாது. அங்கே போன வருஷம் முடித்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்துத்தான் கேட்க வேண்டும்.

ஜூன் 28

தரவரிசைப் பட்டியல் வந்துவிட்டது. மாமாவும் வந்தார். கோபக்காரர் என்று நினைத்திருந்தேன். மருமகள் மேல் உயிராக இருக்கிறார். “கடன் வாங்கியாவது படிக்க வைப்போம் டீச்சர்” என்கிறார். கல்விக் கடன் நான்கு லட்சம் வரை அடமானமோ வெளியாள் ஜாமீனோ இல்லாமல் கிடைக்கும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, நாக் அல்லது என்பிஏ தரச்சான்று பெற்ற இடத்தில் சேர்ந்தால், படிக்கிற காலத்துக்கும் அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கும் வட்டியை மத்திய அரசு கட்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் பேங்க் தயங்கும். மாமாவுக்குத் தெரிந்ததெல்லாம் நூற்றுக்கு மூன்று வட்டி. பேங்க்கை அவர் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை.

எனக்கு என் காலம் ஞாபகம் வந்தது. அப்போது நுழைவுத் தேர்வு இருந்தது. மதுரையில் தங்கிக் கோச்சிங் போக வசதி இல்லாமல் பிஎஸ்சி கணக்கில் சேர்ந்தேன். 2007 முதல் பிளஸ் டூ மார்க்கே போதும் என்று ஆனபோது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்த கதவு இது. அதை ஒரு கன்சல்டன்சிக்காரரின் விசிட்டிங் கார்டு மூடிவிடக் கூடாது.

ஜூலை 29

சாய்ஸ் ஃபில்லிங். ராத்திரி வரை என் வீட்டு லேப்டாப்பில்தான். நான் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியை முதலில் போடச் சொன்னேன். 1981இலிருந்து நடக்கிற கல்லூரி, கம்பெனிகள் பழகியிருக்கின்றன. ஹாஸ்டலில் மெஸ் பில் டிவைடிங் சிஸ்டம்தான். ஆன செலவைப் பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்வதால் தாங்க முடியாத தொகை வராது. அம்மாவுக்கு மகள் தினமும் வீடு திரும்ப வேண்டும். அவளே முடிவு செய்தாள்: முதலில் திருநெல்வேலி ட்ரிப்பிள்-ஈ, அடுத்தது போடி ஈசிஈ, பிறகு போடி ட்ரிப்பிள்-ஈ, மதுரை அண்ணா பல்கலைக்கழக மண்டல வளாகம், அதன் பின் காரைக்குடி. மாமா சொன்ன கல்லூரியைக் கடைசியில்கூடச் சேர்க்கவில்லை. வரிசையை மாற்றுவதற்கில்லை என்று உறுதியாகச் சொன்னதும் லாக் செய்தோம்.

அவள் வகுப்புப் பையன் ஒருவனும் வந்திருந்தான். கட்-ஆஃப் மிகக் குறைவு. அவனுக்குப் பாலிடெக்னிக் சொன்னேன். பிளஸ் டூ முடித்தவர் நேராக இரண்டாம் வருஷ டிப்ளமோவில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரலாம். மொத்தத்தில் ஒரு வருஷம் கூடுதல், செலவோ மிகக் குறைவு. கையில் வேலையும் படிந்திருக்கும். அவன் அப்பாவுக்கு ‘இன்ஜினியரிங் காலேஜ்’ என்று ஊரில் சொல்ல வேண்டும். நாளை நேரில் போய்ப் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 5

போடி, ஈசிஈ. உறுதி செய்து சேர்ந்துவிட்டாள். தோடு அம்மாவின் காதில்தான் இருக்கிறது. அரசுக் கல்லூரி, முதல் பட்டதாரி என்பதால் கட்டணம் குறைவு. முதல் வருஷக் கட்டணத்தை மாமாவே கட்டினார், ரசீதோடு.

அடுத்து ஏஐசிடிஇயின் பிரகதி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 50,000. முதல் வருஷத்தில் சேர்ந்தவுடன் போட வேண்டியது, வருமான வரம்பு 8 லட்சம். பேங்க் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று நாளைக்கே பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன். இந்த வருஷப் பிளஸ் டூ பெற்றோரை ரிசல்ட்டுக்குப் பிறகு அல்ல, தை மாதத்திலேயே கூப்பிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம், ஜீப்புகள் இறங்கிய பிறகு.