பழைய வண்டியில் ஒரு பயணம்

கோலா தெர்லாவில் அன்று காலை பனிமூட்டம் விலகவில்லை. தாத்தாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காகப் பேரன் பழைய லேண்ட் ரோவர் ஒன்றை ஓட்டுநருடன் வாடகைக்கு எடுத்திருந்தான். இளமையில் அத்தகைய வண்டியில் காய்கறி ஏற்றியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் தாத்தா.

லேண்ட் ரோவர் 1948ஆம் ஆண்டு அறிமுகமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு நிலவியதால், அதன் உடற்பகுதியை அலுமினியக் கலவையால் செய்தனர். அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. நான்கு சக்கரங்களும் இயந்திர விசையால் சுழல்வதால், வண்டி சேற்றிலும் மேட்டிலும் ஏறும். மழை மிகுந்த கேமரன் மலைக்கு அது பொருத்தமாக அமைந்தது. இன்றும் அங்குள்ள காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர்கள் உழைக்கின்றன.

சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளைப் பார்க்க வண்டி குலுங்கியபடி புறப்பட்டது.

“அந்தக் காலம் எவ்வளவு இனிமையானது, தாத்தா!” என்றான் பேரன்.

தாத்தா சிரித்தார். “இனிமையா? ஒருநாள் நள்ளிரவு, கொட்டும் மழை. பிரசவ வலியில் துடித்த உன் பாட்டியை இப்படிப்பட்ட வண்டியில்தான் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டு போனேன். வழியில் மண் சரிந்து கிடந்தது. சேற்றில் வண்டி நின்றிருந்தால் உன் அப்பாவும் இல்லை, நீயும் இல்லை.”

படம் எடுக்க நீட்டிய கைப்பேசியைப் பேரன் பையில் வைத்தான்.

“தேயிலைத் தோட்டத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த இடத்தைக் காட்டுங்கள், தாத்தா,” என்றான்.

வேலை முடிந்த மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல, தாத்தா வண்டியின் கதவை மெல்லத் தட்டினார்.