வடம் பிடித்தல்

தேர்த் திருவிழாவிலே வடம் பிடித்துப் பழகிய கைகள் நம்முடையவை. எத்துணை வலிமையுடன் இழுக்கின்றோமோ அத்துணை புண்ணியம் என்பது நம் எண்ணம். மெல்ல இழுக்கவேண்டிய வடமும் உலகில் உண்டென்பதை என் பழைய மாணவன் ஒருவனிடம் அண்மையிற் கற்றேன்.

ஆலை இயந்திரங்களைக் கணினியோடு இணைக்கும் வலையமைப்புத் தொழில் அவனுடையது. அரிசி ஆலையொன்றில் அவன் வேலை செய்வதைக் காணச் சென்றிருந்தேன். எங்கும் உமித்தூசி. சுவரோரத்துக் குழாயினூடே இருவர் வடமொன்றை இழுத்துக்கொண்டிருந்தனர். யானும் கைகொடுத்து, கோயில் வழக்கப்படி ஓர் இழுப்பு இழுத்தேன்.

"மெல்ல, ஐயா!" என்று ஓடிவந்து தடுத்தான்.

வடத்தினுள்ளே நான்கு சோடிச் செப்புக் கம்பிகள் உள. ஒவ்வொரு சோடியும் முறுக்கப்பட்டிருக்கும். அயலிலுள்ள மோட்டார்களின் மின்னிரைச்சல் செய்தியைக் கெடுக்காது காப்பது அம்முறுக்கே. 110 நியூற்றனுக்கு மேல், அஃதாவது ஏறத்தாழ 11 கிலோகிராம் எடையின் விசைக்கு மேல், இழுத்தலாகாது; இழுத்தால் முறுக்கு நெகிழும். வடத்தின் விட்டத்தைப்போல் நான்கு மடங்கினுங் குறைந்த ஆரையில் வளைத்தலும் ஆகாது. முனையிற் பொருத்தும்போது 13 மில்லிமீற்றருக்கு மேல் முறுக்கைப் பிரித்தலுங் கூடாது. இவற்றையெல்லாம் அவன் பொறுமையாக விளக்கினான்.

இணைப்பு முனை ஒவ்வொன்றிலும் சிறு மூடி இருந்தது. "பொருத்தும் கணம்வரை இதைக் கழற்றக்கூடாது, ஐயா. நீரும் தூசியும் புகாவண்ணம் செய்த இணைப்பியும், பொருத்தி இறுக்கிய பின்னரே அவற்றைத் தடுக்கும். அதுவரை இம்மூடியே காவல். உள்ளே தூசி படிந்தாலும் இன்றைக்கு வேலை செய்யும். சில மாதங்கள் கழித்து, ஆலை முழுவேகத்தில் ஓடும் நாளிலே இடையிடையே தொடர்பு அறும். பிழை எங்கேயென்று தேடிக் களைத்துப்போவோம்."

யான் பேசவில்லை. பத்தாம் வகுப்பிலே, நன்னூற் சூத்திரத்தை ஒப்புவிக்கவில்லையென்று, வகுப்பு முழுவதும் நகைக்கும்படி இவனை யான் ஏசிய நாள் நினைவில் எழுந்தது. அதன்பின் அவன் என் வகுப்பிலே தானாக வாய்திறந்ததில்லை. பரீட்சையில் என்னவோ சித்தியெய்தினான். ஆதலால் என் பிழை எனக்குத் தெரியவில்லை.

விடைபெறும்போது அதனைச் சொல்லி வருந்தினேன். "அதை எப்போதோ மறந்துவிட்டேன், ஐயா," என்று சிரித்தான்.

அவன் மறந்திருக்கலாம், யான் மறத்தல் தகாது. இட்ட வடத்தைச் சோதிக்க அவனிடம் கருவி உண்டு. மாணவர் மனத்தைச் சோதிக்க எம்மிடம் ஏதுமில்லை. யூபிலி காணும் எம் கல்லூரியிலே ஆசிரியர் கையிலிருப்பதும் ஒரு வடமே. இழுக்குமுன் அது தாங்கும் அளவை அறிதல் வேண்டும்.