சாமி படம் போட்ட அக்கவுண்டுக்கும் பூட்டு வேணும்



தைப்பூசம் முடிஞ்சா எங்க தொண்டர் குழுவுக்கு நிறைய கேள்வி வரும். முன்னெல்லாம் தொலைஞ்ச செருப்பு, பால்குடச் சொம்பு, அன்னதானக் கணக்கு பத்திக் கேப்பாங்க. இப்ப பாதிப்பேர், "தம்பி, என் முகநூல்ல என்னமோ ஆயிடுச்சு, கொஞ்சம் பாரேன்"னு கைப்பேசியை நீட்டுறாங்க. நாங்க கம்ப்யூட்டர் படிச்ச கூட்டம் கிடையாது. தண்ணீர் பந்தல்ல மோர் ஊத்துறவங்க, வரிசை ஒழுங்கு பண்றவங்க, பாத்திரம் கழுவுறவங்க. எங்கள்ல ரெண்டு பேருக்குத்தான் இந்த வேலை நல்லாத் தெரியும். அவங்ககிட்ட நாங்க கத்துக்கிட்டோம். வெள்ளிக்கிழமை சாயந்திர பூசைக்கு அப்புறம் பின்மண்டபத்துல ஒரு மேசை போட்டு, வர்றவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஒரே விஷயத்தை நூறு தடவை சொல்றதைவிட எழுதி வைக்கலாம்னு இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஒரு தே தாரிக் வச்சுக்கிட்டுப் படிங்க.

முதல்ல வாட்ஸ்அப். எங்க மகளிர் குழுவுல இருக்கிற ஒரு பெரியம்மா பேர்ல ஒருநாள் செய்தி வந்துச்சு. "உபயத்துக்கு 300 வெள்ளி குறையுது, இந்த அக்கவுண்டுக்கு அனுப்புங்க, நாளைக்குத் தர்றேன்." ரெண்டு பேர் உடனே அனுப்பிட்டாங்க. பெரியம்மா அந்த நேரம் பசார்ல மீன் வாங்கிட்டு இருந்தாங்க. அவங்க வாட்ஸ்அப் அவங்க கையில இல்ல.

எப்படி நடந்துச்சு? புதுக் கைப்பேசியில வாட்ஸ்அப் திறக்க 6 இலக்க எண் ஒன்னு எஸ்எம்எஸ்ல வரும். திருடன் பெரியம்மாவோட நம்பரைத் தன் கைப்பேசியில அடிச்சான். எண் பெரியம்மாவுக்கு வந்துச்சு. ஏற்கனவே அவன் பிடிச்சு வச்சிருந்த இன்னொரு தோழியோட கணக்கிலிருந்து, "அக்கா, தப்பா உங்களுக்கு ஒரு நம்பர் வந்துடுச்சு, அனுப்புங்களேன்"னு கேட்டான். தெரிஞ்ச பேர், தெரிஞ்ச முகம். அனுப்பிட்டாங்க. அவ்வளவுதான்.

போன பணம் 600 வெள்ளி. ஆனா பெரிய நஷ்டம் வேற. பெரியம்மா ரெண்டு மாசம் கோயிலுக்கே வரல. "என் பேரைச் சொல்லிப் பணம் கேட்டுட்டாங்களே, எந்த முகத்தோட வர்றது"ன்னு வீட்டிலேயே இருந்துட்டாங்க. நாங்க மூணு பேர் போய்க் கூப்பிட்டுத்தான் வந்தாங்க. ஏமாந்தவங்க வெட்கப்பட வேண்டியதில்ல, ஏமாத்தினவன்தான் வெட்கப்படணும். இதை நம்ம ஆளுங்க எல்லாரும் மனசுல வச்சுக்கணும்.

இதுக்குத் தடுப்பு ரெண்டு நிமிஷ வேலை. வாட்ஸ்அப் செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். அங்க நீங்களா ஒரு 6 இலக்க பின் வைங்க. எஸ்எம்எஸ் எண் திருடன் கைக்குப் போனாலும், அந்தப் பின் இல்லாம உடனே உள்ளே வர முடியாது. அப்படியே 'லிங்க்ட் டிவைசஸ்' போய், உங்களுக்குத் தெரியாத கணினி ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பாருங்க. இருந்தா லாக் அவுட் பண்ணிடுங்க. உபயமோ, மருத்துவ உதவியோ, யார் பணம் கேட்டாலும் முதல்ல போன் போட்டுக் குரலைக் கேளுங்க. டியூட்நவ் கியூஆர் ஸ்கேன் பண்ணினா வர்ற பேர் கோயில் பேர்தானான்னு பார்த்துட்டு அழுத்துங்க. சந்தேகமான பேங்க் கணக்கு எண்ணை, போலீசோட 'செமாக் மியூல்' இணையப் பக்கத்துல போட்டுப் பார்க்கலாம். புகார் வந்த கணக்கா இருந்தா அங்கே தெரியும்.

இப்ப புதுசா முகநூல் கணக்கு திறக்கிறது எப்படின்னு பார்ப்போம். இதை ஒரு தங்கச்சிக்காக நாங்க ஒரு மணி நேரம் உட்கார்ந்து செஞ்சோம். அடையாளம் தெரியாத மாதிரி விவரங்களை மாத்தித்தான் எழுதுறோம். வீட்டுல அடி தாங்காம வெளியே வந்தவங்க. கூட்டம் இல்லாத நாள்ல வந்து விளக்குப் போட்டுட்டுப் போவாங்க. பஜனைக் குழுவுல சேரணும், நேரலை பார்க்கணும்னு ஆசை. ஆனா பழைய வீட்டு ஆளுங்க கண்ணுல படக்கூடாது. "முகநூலே வேணாம்மா"ன்னு சொல்லி அனுப்புறது எங்களுக்குச் சுலபம். தப்பு செஞ்சவன் ஊர் முழுக்கப் பேசிட்டு இருக்கான், அடி வாங்கினவங்க எதுக்கு மூலையில உட்காரணும்?

அன்னிக்குச் செஞ்சது இதுதான்.

பழைய மின்னஞ்சல் வேண்டாம்னு புதுசா ஒன்னு திறந்தோம். பழைய மின்னஞ்சல் யாரோட கைப்பேசியில லாகின் ஆகி இருக்குன்னு நமக்குத் தெரியாது. கடவுச்சொல்லை மீட்க வர்ற கடிதம் அங்கே போனா, எல்லாப் பூட்டும் வீண்.

பேருக்கு ஐசியில இருக்கிற முழுப்பேரும் அப்பா பேரும் போட வேண்டியதில்ல. தினமும் எல்லாரும் கூப்பிடுற பேரை முகநூல் ஏத்துக்கும். படத்துக்கு முகம் வேண்டாம், அவங்க போட்ட கோலத்தையே வச்சாங்க. வீட்டு கேட், கார் நம்பர், பிள்ளையோட பள்ளிச் சீருடை, வேலை இடத்துச் சட்டை தெரியிற படம் எதையும் போடல.

கணக்கு திறந்ததும் "உங்க காண்டாக்ட் எல்லாம் ஏத்தட்டுமா"ன்னு கேட்கும். வேண்டாம்னு சொன்னோம். நம்ம போன்ல இருக்கிற நம்பர்களை வச்சும் "இவரைத் தெரியுமா"ன்னு ஆள் காட்டும். நம்மளையும் அவங்களுக்குக் காட்டும். இந்த நம்பர் தேடுற வசதியைத் தவறாப் பயன்படுத்தித்தான் 2019 செப்டம்பருக்கு முன்னாடி 106 நாடுகள்ல 53 கோடிக்கும் மேற்பட்ட முகநூல் கணக்குகளோட விவரத்தைச் சுரண்டி எடுத்தாங்க. 2021 ஏப்ரல்ல அது இணையத்துல இலவசமாவே வந்துச்சு. நம்ம நாட்டுலயே 2017ல 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களோட விவரம் கசிஞ்ச செய்தி ஞாபகம் இருக்கும். நம்பர் ஏற்கனவே வெளியே இருக்குன்னு நினைச்சுக்கிட்டே மத்ததைப் பூட்டணும்.

அப்புறம் பிரைவசி பக்கம். போன் நம்பர், மின்னஞ்சல், பிறந்த தேதி, நண்பர் பட்டியல் எல்லாத்தையும் 'ஒன்லி மீ'ன்னு வச்சோம். நம்பரை வச்சு யாரும் தேட முடியாத மாதிரி மாத்தினோம். கூகுள்ல தேடினா பக்கம் வரக்கூடாதுன்னு அதையும் அணைச்சோம். பதிவெல்லாம் 'ஃப்ரெண்ட்ஸ்' மட்டும். யாராவது டேக் பண்ணினா அவங்க பார்த்து ஒத்துக்கிட்டாத்தான் பக்கத்துல வரும்படி 'ரிவ்யூ' போட்டோம். கைப்பேசியில முகநூலுக்கும் கேமராவுக்கும் இருந்த லொக்கேஷன் அனுமதியை எடுத்துட்டோம்.

கடவுச்சொல் அவங்களே யோசிச்சது. சம்பந்தமே இல்லாத நாலு சொல் சேர்த்து, நீளமா. முருகன்123 வேணாம், பிள்ளையோட பிறந்தநாளும் வேணாம். முகநூலுக்கு ஒன்னு, மின்னஞ்சலுக்கு வேற ஒன்னு. ரெண்டுலயும் இரட்டைப் பூட்டு, அதாவது டூ-ஃபேக்டர். கைப்பேசி தொலைஞ்சா திறக்கிறதுக்கு முகநூல் சில எண்கள் கொடுக்கும், அதைக் காகிதத்துல எழுதிட்டுப் போனாங்க. எங்க வைப்பீங்கன்னு கேட்டதுக்கு, "சாமி ரூம்ல விபூதி டப்பாவுக்கு அடியில"ன்னாங்க. நல்ல இடந்தான்.

பழைய கணக்கையே வச்சுக்கிறவங்க ஒன்னு கூடுதலா செய்யணும். எந்தெந்தக் கருவியில லாகின் ஆகி இருக்குன்னு காட்டுற பட்டியலைப் பார்த்து, தெரியாத எல்லாத்தையும் வெளியேத்துங்க. அப்புறம் கடவுச்சொல்லை மாத்துங்க. முன்னாள் கணவரோட பழைய டேப்லெட் அந்தப் பட்டியல்ல இருந்ததை எங்க மேசையில வச்சே ஒருத்தர் கண்டுபிடிச்சிருக்காங்க.

இவ்வளவு செஞ்சும் ஒரு ஓட்டை இருக்கு. அந்தத் தங்கச்சி எல்லாத்தையும் பூட்டிட்டாங்க, சரி. பஜனையில பக்கத்துல உட்கார்ந்திருக்கிற அக்கா ஒரு செல்ஃபி எடுத்து, பேரோட, கோயில் பேரோட, எல்லாரும் பார்க்கிற மாதிரி போட்டா? எல்லாம் போச்சு. ஒருத்தர் கணக்கு எவ்வளவு பாதுகாப்பா இருக்குங்கிறது பாதி அவங்க கையில, மீதி கூட இருக்கிற நம்ம கையில.

அதனாலதான் எங்க குழுவுக்குச் சில வழக்கம் வச்சிருக்கோம். தண்ணீர்மலையில லட்சக்கணக்கான பேர் நடக்கிறப்ப ஒவ்வொருத்தர்கிட்டயும் அனுமதி கேட்க முடியாது. கூட்டத்தைத் தூரத்திலிருந்து எடுப்போம். முகம் கிட்டத்துல தெரிஞ்சா கேட்டுட்டுத்தான் போடுவோம். சாமி வந்து ஆடுறவங்களைப் போட மாட்டோம். அந்த நிலையில அவங்க சம்மதம் கொடுக்க முடியாது. குழந்தைங்க படத்துல பேர், பள்ளி போட மாட்டோம். எங்க யாரும் மத்தவங்களை டேக் பண்றதில்ல. யாராவது எடுக்கச் சொன்னா காரணம் கேட்காம எடுத்துடுவோம். காரணம் சொல்ல முடியாத நிலையிலயும் சிலர் இருப்பாங்க.

இன்னொன்னு, நம்ம கோயில் பக்கங்களுக்கே உரியது. கருத்துப் பகுதியில, "என் மகன் பேருக்கு அர்ச்சனை பண்ணுங்க"ன்னு பேர், பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் எழுதுறாங்க. நம்ம மைகார்ட் எண்ணைப் பாருங்க. 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த ரெண்டு பிறந்த மாநிலம், பினாங்குக்கு 07. கடைசி இலக்கம் ஒற்றையா இருந்தா ஆண், இரட்டையா இருந்தா பெண். பிறந்தநாளும் ஊரும் சொன்னீங்கன்னா எட்டு இலக்கம் கொடுத்தாச்சு. அர்ச்சனைக்குப் பேர், நட்சத்திரம், ராசி போதும். அதையும் தனிச் செய்தியில அனுப்புங்க. ஜாதகத்தைப் படம் பிடிச்சுப் போடவே போடாதீங்க.

"நாம என்ன தப்பா பண்றோம், மறைக்க என்ன இருக்கு?"ன்னு பெரியவங்க சிலர் கேட்கிறாங்க. அலங்காரம் நடக்கிறப்ப சன்னதியில திரை போடுறோம். உள்ளே தப்பு நடக்குதுன்னா போடுறோம்? எதை எப்ப யாருக்குக் காட்டணும்னு ஒரு முறை இருக்கு, அதுக்குத்தான். நம்ம வாழ்க்கைக்கும் ஒரு திரை இருக்கலாம்.

இதை விளையாட்டா எடுத்துக்க முடியாததுக்கு இன்னொரு காரணம் உண்டு. டிக்டாக்ல ஏஷான்னு எல்லாருக்கும் தெரிஞ்ச ராஜேஸ்வரி அப்பாஹு, நம்ம தமிழ்ப் பொண்ணு, 2024 ஜூலை 5ஆம் தேதி கோலாலம்பூர்ல உயிரிழந்தாங்க. இணையத்துல வந்த மிரட்டலைப் பத்தி அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் போலீஸ்ல புகார் கொடுத்திருந்தாங்க. அந்த விவகாரத்துல ஒருத்தருக்கு நீதிமன்றத்துல கிடைச்ச தண்டனை 100 ரிங்கிட் அபராதம். அவங்க மேல போட்ட சட்டப் பிரிவுல அவ்வளவுதான் இடம். நாடே கொதிச்சது. அதுக்கப்புறம் தண்டனைச் சட்டத்துல பகடிவதைக்குத் தனிப் பிரிவுகள் சேர்த்து, 2025 ஜூலையில நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க. இணையப் பாதுகாப்புச் சட்டமும் 2026 ஜனவரி 1ல அமலுக்கு வந்துச்சு. சட்டம் வந்தது நல்லது. ஆனா அந்தப் பொண்ணு திரும்பி வரப்போறதில்ல. யாரையாவது நேரலையில கேவலமா திட்டுறதைப் பார்த்தா, சிரிச்சுக்கிட்டு ஷேர் பண்ணாதீங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, ரிப்போர்ட் பண்ணுங்க, பாதிக்கப்பட்டவங்களுக்கு ஒரு போன் போடுங்க.

பிள்ளைங்க விஷயம். முகநூல், டிக்டாக் விதிப்படியே 13 வயசுக்குக் கீழ கணக்கு கூடாது. 16 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குக் கணக்கு வேண்டாம்னு அரசாங்கமும் 2025லயே அறிவிச்சிருக்கு. வயசைக் கூட்டிப் போட்டுத் திறந்து கொடுக்காதீங்க. பொய் வயசு போட்டா, சின்னப் பிள்ளைங்களுக்குன்னு அந்தச் செயலியில இருக்கிற பாதுகாப்பு எதுவும் உங்க பிள்ளைக்குக் கிடைக்காது. பெரிய பிள்ளைங்களா இருந்தா கூட உட்கார்ந்து பிரைவசி பக்கத்தைப் பாருங்க. கடவுச்சொல்லைப் பிடுங்கி வச்சுக்கிறது பாதுகாப்பு ஆகாது. பிரச்சினை வந்தா உங்ககிட்ட ஓடி வர்ற தைரியம் பிள்ளைக்கு இருக்கணும், அதுதான் பாதுகாப்பு.

இந்த எண்களை எழுதி வச்சுக்கங்க. பணம் போயிடுச்சுன்னு தெரிஞ்சதும் 997, இல்ல உங்க பேங்கோட அவசர எண். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறீங்களோ அவ்வளவுக்குப் பணத்தை மறிக்க வாய்ப்பு. அப்புறம் போலீஸ் ரிப்போர்ட். வீட்டுல வன்முறைன்னா தாலியான் காசே 15999. மனசு தாங்கலைன்னா தாலியான் ஹீல் 15555.

வெள்ளிக்கிழமை மேசைக்கு வர்றவங்க கைப்பேசியை நல்லா சார்ஜ் போட்டுக் கொண்டு வாங்க. எழுத ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வேணும். கண்ணாடி போடுறவங்க கண்ணாடியை மறக்காதீங்க. கடவுச்சொல்லை நீங்கதான் அடிப்பீங்க, அந்த நேரம் நாங்க முகத்தைத் திருப்பிக்குவோம். எஸ்எம்எஸ்ல வர்ற எண்ணை எங்க தொண்டர் யாரும் உங்ககிட்ட கேட்க மாட்டாங்க. எங்க பேரைச் சொல்லி யாராவது கேட்டா, அது நாங்க இல்ல. கொடுக்காதீங்க.