கோடு எந்தப் பக்கம்

ஏ ஷிப்டு பஸ்கள் சுங்குவார்சத்திரத்தில் ஆட்களை இறக்கிவிட்டுப் போனதும், எங்கள் தெரு கால் மணி நேரம் அடையாள அட்டைகளால் நிறைந்துவிடும். நீல நாடா, பச்சை நாடா, ஆரஞ்சு நாடா. யார் எந்தக் கம்பெனி என்பதை முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். கீழ் போர்ஷனில் இருக்கும் பெண்ணுக்கு நீல நாடா. செய்யாறு பக்கத்து ஊர். தம்பியை ஐடிஐ-யில் சேர்த்துத் தன்னோடு வைத்திருக்கிறாள். செருப்பைக் கழற்றும்போதே குரல் கொடுக்கிறாள்.

“என்னாடா, இன்னும் முடியலையா?”

தம்பி நிமிரவில்லை. வாசல்படி நிழலில் பழைய பேப்பர் விரித்திருக்கிறது. அதன்மேல் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டிய ஒரு டாட் போர்டு. எட்டுக் கால் ஐசி ஒன்று, எம்சி34063. தலையில் 221 என்று போட்ட காயில். 22-க்குப் பின்னால் ஒரு பூஜ்யம், அதாவது 220 மைக்ரோஹென்றி. மிளகளவு செராமிக் கெபாசிட்டரில் 471. அது 470 பிகோஃபாரட். ஒரு 1என்5819 டயோடு. எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்தவை. பக்கத்தில் யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரி.

கரண்ட் போன இரவுகளில் அக்காவின் போன் அணைந்துவிடுகிறது. காலை ஷிப்டுக்கு அலாரம் அதில்தான். பேட்டரியின் 12 வோல்ட்டை 5-க்கு இறக்கினால் போனை ஏற்றிவிடலாம். முதலில் 7805 என்ற ரெகுலேட்டர் ஐசியைப் போட்டுப் பார்த்தான். வேலை செய்தது, ஆனால் தொட முடியாத சூடு. கணக்கு நோட்டில் இருக்கிறது: தேவையில்லாத 7 வோல்ட்டை அரை ஆம்பியரில் தாங்கினால் 3.5 வாட் சூடாகப் போகிறது, வெளியே கிடைப்பதோ 2.5 வாட். பாதிக்கு மேல் வீண். மிச்சத்தை எரித்துத் தீர்க்காமல், பேட்டரியை நொடிக்குப் பல்லாயிரம் முறை சேர்த்துப் பிரித்து, வேண்டிய அளவை மட்டும் காயில் வழியாக எடுத்துக்கொள்வதுதான் இப்போது அவன் கட்டிக்கொண்டிருக்கும் ஸ்விட்சிங் சப்ளை.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் கொட்டையாக எழுதியிருக்கிறது: ‘230-ல் கை வைக்காதே.’ ஐடிஐ சார் சொன்னதாம். வீட்டுக் கரண்டை டிசி ஆக்கினால் 325 வோல்ட் வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும். புதிதாகக் கற்கிறவன் பேட்டரியில் தொடங்க வேண்டும். அதற்குக் கீழே இரண்டாவது விதி: ‘பிரட்போர்டு வேண்டாம், ஒயர் குட்டையாக இருக்கட்டும், உள்ளே வரும் கெபாசிட்டர் ஐசியை ஒட்டி உட்காரட்டும்.’

மூன்றாவது விதி பேட்டரியின் பாசிட்டிவ் ஒயரிலேயே தொங்குகிறது. பைக் இண்டிகேட்டரின் 10 வாட் பல்பு. போர்டுக்குப் போகும் கரண்ட் இந்தப் பல்பு வழியாகத்தான் போயாக வேண்டும். எங்கே ஷார்ட்டானாலும் பல்பு எரியும். ஒரு ஆம்பியருக்கு மேல் விடாது, ஐசியும் பிழைத்துக்கொள்ளும்.

ஒயரைத் தொடுகிறான். பல்பு எரிகிறது.

எடுக்கிறான். போர்டைத் திருப்பிப் பார்க்கிறான், பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஈயத் துணுக்குகளைத் தட்டிவிடுகிறான், மறுபடி தொடுகிறான். மறுபடி எரிகிறது. மீட்டரை எடுத்து ஒவ்வொரு காலாகக் குத்திப் பார்க்கிறான். ஐசியின் கால்களைச் சத்தமாக எண்ணுகிறான். ரெசிஸ்டர்களின் நிறங்களை முணுமுணுக்கிறான். பிரவுன், சிவப்பு, சிவப்பு: 1.2 கே. ஆரஞ்சு, நீலம், சிவப்பு: 3.6 கே. எல்லாம் சரி. பல்பு மட்டும் ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

அக்கா முகம் கழுவிவிட்டு டீ டம்ளரோடு வந்து குந்துகிறாள்.

“சாம்பிள் எது?”

அவன் நோட்டில் வரைந்திருக்கும் படத்தைக் காட்டுகிறான். அவள் படத்தைப் பார்க்கிறாள், போர்டைப் பார்க்கிறாள், திரும்பப் படத்தைப் பார்க்கிறாள். டம்ளரில் இன்னும் வாய் வைக்கவில்லை. சுண்டுவிரல் நகம் டயோடின்மேல் நிற்கிறது.

“கோடு எந்தப் பக்கம்?”

படத்தில் டயோடின் வெள்ளிக் கோடு காயில் பக்கம். போர்டில் அது மைனஸ் பக்கம் திரும்பிக் கிடக்கிறது. இவ்வளவு நேரம் தேடியவன் வாயைத் திறக்கவில்லை.

அவளுக்கு இது தினப்படி வேலை. சார்ஜர் போர்டுகள் வரிசையாக வரும். டயோடில் கோடு, கெபாசிட்டரில் பட்டை, ஐசியில் பிறை வெட்டு, மூன்றும் சாம்பிளைப் போல இருக்கின்றனவா என்று சில நொடிகளில் பார்த்து நகர்த்த வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் சார்ஜர் வேலைக்குத் தனி வரலாறே உண்டு. 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ல் நின்றது. பூட்டிக் கிடந்த அந்த ஆலையை, ஃபின்லாந்தில் தோன்றிய சார்ஜர் நிறுவனமான சால்காம்ப் எடுத்துக்கொள்வதாக 2019-ல் அறிவிப்பு வந்தது. போனை விட்டுச் சார்ஜருக்கு மாறிய அந்த வளாகத்தைத் தாண்டித்தான் இங்கே பல பஸ்கள் போய்வருகின்றன. சார்ஜரும் தம்பியின் போர்டுக்குச் சொந்தக்காரன்தான். 230 வோல்ட்டை டிசி ஆக்கி, அதை வேகமாக வெட்டி, சிறு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 5-க்கு இறக்குகிறது. வெட்டும் வேகம் கூடக்கூட டிரான்ஸ்ஃபார்மர் சுருங்குகிறது. 1977-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு ராட் ஹோல்ட் இதே முறையில்தான் சப்ளை அமைத்தார். இன்று ஆப்பிள் போன்கள் சுங்குவார்சத்திரத்திலேயே தயாராகின்றன.

தம்பி சால்டரிங் அயனைச் சூடேற்றி, பம்ப்பால் ஈயத்தை உறிஞ்சி, டயோடைப் பிடுங்கித் திருப்பிப் போடுகிறான். கால் ஓட்டையில் இறங்கும்வரை அக்கா கண்ணை எடுக்கவில்லை. ஈயம் பளபளவென்று பரவி நின்றதும் ஒரு தலையசைப்பு. ஷிப்டில் ‘பாஸ்’ என்பதற்கு இதுதான் சைகை போல.

ஒயரைத் தொடுகிறான். பல்பு எரியவில்லை. மீட்டரில் 5.03.

போனைச் செருக அவள் கை நீள்கிறது. அவன் தடுத்து, வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றை அவுட்புட்டில் மாட்டுகிறான். 10 ஓம். 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும். மீட்டர் 4.96-க்கு இறங்கி நிற்கிறது. அரை மணி நேரம் ஓடட்டும் என்கிறான். ரெசிஸ்டர் கொதிக்கிறது, அது கொதிக்கத்தான் வேண்டும். ஐசியில் விரலை வைத்தால் எடுக்க வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகும் முதலில் போகப்போவது பழைய பட்டன் போன்தான் என்று சொல்லிவிட்டான்.

டீ ஆறிவிட்டது. அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கேட்கிறாள்.

“ஏன்டா கோடு அந்தப் பக்கமே இருக்கணும்?”

அவன் நிமிர்ந்து பார்க்கிறான். “உங்க லைன்ல சொல்லலையா?”

“கோடு மாறினா ரிஜெக்ட்னு சொல்வாங்க. ஏன்னு எங்க சொன்னாங்க?”

“கம்பெனி பஸ் திடீர்னு பிரேக் போட்டா நீ என்ன ஆவ?”

“முன்சீட்டுல போய் முட்டுவேன்.”

“காயில்ல ஓடற கரண்டும் அப்படித்தான்க்கா. ஐசி நிறுத்தினாலும் அது ஓடிக்கினேதான் இருக்கும். சுத்தி வர ஒரு வழி விடணும். டயோடுதான் அந்த வழி. ஐசி திறந்திருக்கும்போது மூடிக்கும், ஐசி மூடினா திறந்துக்கும். மாத்திப் போட்டா பேட்டரி கரண்ட் காயிலுக்குப் போகாம நேரா மைனஸுக்கு இறங்கிடும்.”

“அதான் பல்பு எரிஞ்சுதா?”

“அதேதான்.”

போர்டைக் கையில் வாங்கிப் பார்க்கிறாள். பேட்டரி ஒயரில் தொடங்கிய விரல் ஐசி, காயில், கெபாசிட்டர் என்று நகர்ந்து, டயோடு வழியாகச் சுற்றி மறுபடி காயிலுக்கு வருகிறது. இன்னொரு முறை அதே வழியில் போகிறது. அவன் குறுக்கே பேசவில்லை.

“மேல் வீட்டு சார் ரௌட்டர் ஒன்பது வோல்ட்டாம். கரண்ட் போனா நெட்டும் போயிடுதுன்னு அவங்க வீட்டம்மா சொன்னாங்க. அதுக்கு வேற போர்டு வேணுமா?”

“இதே போர்டுதான். 3.6 கே-க்குப் பதிலா 7.5 கே போட்டா போதும்.”

“எப்படி?”

நோட்டில் எழுதிக் காட்டுகிறான். 1.25 ஐசிக்குள்ளேயே இருக்கும் அளவு. அதை 1 + 7.5/1.2-ஆல் பெருக்கச் சொல்கிறான். அவள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு வகுக்கிறாள், பெருக்குகிறாள், அடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறாள். 9.06.

“ஆறு கூட வருதே?”

“அது ரௌட்டருக்கு ஒண்ணும் ஆகாதுக்கா.”

அவள் புதுப் பக்கத்தைத் திருப்பி, மேலே ‘9 வோல்ட்’ என்று எழுதிக் கீழே கோடு இழுக்கிறாள்.

“சரி, இந்த வாட்டி கணக்கு நான் பாக்கறேன். டயோடு கோட்டை நீ பாரு.”