சுந்தரத்தின் கைத்தொழில்

வடசென்னையின் மாத்தூரில் சினிமா ஆசை ஷிப்டோடு சேர்ந்தே வளர்கிறது. மணலிக் கம்பெனிகளில் ஒப்பந்த வேலை பார்க்கும் தம்பிகள் சிலருக்கு நடிப்பு, சிலருக்கு டைரக்‌ஷன். நைட் ஷிப்ட் முடித்து, குளித்து, நல்ல சட்டை மாட்டிக்கொண்டு சாலிகிராமத்துக்கும் வளசரவாக்கத்துக்கும் பஸ் ஏறுவார்கள். அது நகரத்தின் மறுகோடி. ஏதாவது ஒரு சினிமா ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டு, அடுத்த ஷிப்டுக்குள் திரும்பிவிட வேண்டும். “என்னடா ஆச்சு?” என்று கேட்டால், “சொல்லி அனுப்புறோம்னாங்கண்ணே” என்பார்கள். இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு சர்வர் சுந்தரம் நினைவுக்கு வருவான்.

‘சர்வர் சுந்தரம்’ முதலில் மேடை நாடகம். கே. பாலசந்தர் அப்போது ஏ.ஜி. ஆபீஸ் எனப்படும் கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர். சுந்தரமாக நடித்த நாகேஷ், ரயில்வே குமாஸ்தாவாக இருந்து மேடைக்கு வந்தவர். கதையில், ஹோட்டலில் தட்டு ஏந்தும் ஒரு சாதாரண இளைஞன் சினிமா நடிகனாக ஆசைப்படுகிறான், ஆகியும் விடுகிறான். ஆனால் அவன் விரும்பிய பெண்ணின் மனம் அவனுடைய நண்பனிடம் இருக்கிறது. புகழின் உச்சியில் தாயையும் இழக்கிறான். ஏவி.எம். அந்த நாடகத்தை கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் 1964-இல் படமாக்கியது. நம்மில் பெரும்பாலோர் பார்த்தது அந்தப் படத்தைத்தான்.

சிரிக்க வைக்கும் கதைதான். ஆனால் எதைக் காட்டிச் சிரிக்க வைக்கிறது என்று கவனித்தால் பாலசந்தர் மேல் மரியாதை கூடுகிறது. சான்ஸ் தேடுகிறவனை வைத்துச் சிரிப்பு மூட்டுவது எளிது. கிழிந்த செருப்பு, காலி பாக்கெட், கண்ணாடி முன் வசனம் பேசும் கோலம் எல்லாம் தயாராகக் கிடைக்கும். இல்லாமையைக் காட்டினாலே கூட்டம் சிரித்துவிடும். சுந்தரம் சிரிக்க வைப்பது தன் திறமையால். கை நிறையக் கப்புகளை அடுக்கிக்கொண்டு அவன் மேஜைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து வருகிறபோது சிரிக்கிறோம். அந்தச் சிரிப்புக்குள் ‘அடேயப்பா’ என்ற வியப்பு ஒளிந்திருக்கிறது.

நல்ல சர்வரைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். உட்கார்ந்தவுடன் “இட்லி, பொங்கல், பூரி, ரவா, ஆனியன், மசால்” என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். எங்கே நிறுத்த வேண்டும், எந்தப் பெயரில் குரலை ஏற்ற வேண்டும் என்பதில் ஒரு கணக்கு உண்டு. வந்தவர் அவசரக்காரரா, சண்டைக்காரரா, சட்டைப் பைக்குள் எண்ணிப் பார்த்து வந்தவரா என்று முகம் பார்த்தே தெரிந்துகொள்வார். நாலு மேஜை ஆர்டரைத் தலைக்குள் வைத்துக்கொண்டு, ஐந்தாவது மேஜையின் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பார். மூச்சு, ஞாபகம், முகம் படிப்பது, உடம்பை அடக்கி ஆள்வது. நடிகனுக்கும் இவைதானே மூலதனம்? சுந்தரம் ஹோட்டலிலேயே நடிகனாகிவிட்டான். ஸ்டூடியோக்காரர்களுக்குத்தான் அது பிறகு தெரிந்தது.

நாகேஷின் வாழ்க்கையும் இதைத்தான் சொல்கிறது. தாராபுரத்திலிருந்து வந்தவர், முகத்தில் அம்மைத் தழும்பு, ஒல்லி உடம்பு. அன்றைய சினிமா கதாநாயகனிடம் எதிர்பார்த்த எதுவும் அவரிடம் இல்லை. கவிஞர் வாலியும் அவரும் தி.நகர் கிளப் ஹவுஸில் ஒன்றாகத் தங்கிச் சிரமப்பட்டது தெரிந்த கதை. ஒரு நாடகத்தில் வயிற்று வலிக்காரனாகச் சிறு வேடம் கிடைத்தது. அந்தச் சில நிமிடங்களில் துடித்துக் காட்டிய விதத்தைப் பார்த்து, விழாவுக்கு வந்திருந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டினார். வேடம் எவ்வளவு சிறியது என்று நாகேஷ் அளந்து நடிக்கவில்லை. பின்னால் முழு நாடகத்தையும் தாங்கும் சுந்தரம் கிடைத்தபோது அதற்கான உடம்பும் குரலும் அவரிடம் தயாராக இருந்தன.

அதே 1964-இல், ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில், அதே நாகேஷ் மறுபக்கத்தையும் நடித்தார். அப்பாவின் பணத்தை நம்பி ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ தொடங்கும் செல்லப்பா. போர்டு இருக்கிறது, படம் இல்லை. ஆனாலும் அப்பாவாக நடித்த பாலையாவை உட்கார வைத்து அவன் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் பாருங்கள். கதவு கிறீச்சிடுவதையும் காலடிச் சத்தத்தையும் வாயாலும் கையாலும் உண்டாக்கி, எதிரே இருக்கும் பெரிய மனிதரை நடுநடுங்க வைத்துவிடுகிறான். படம் எடுக்கத் தெரியாதவனுக்கும் கதை சொல்லும் வித்தை கைகூடிவிடுகிறது. படத்தை எழுதிய சித்ராலயா கோபுவும் ஸ்ரீதரும் செல்லப்பாவின் அறியாமையைக் கேலி செய்தார்கள், அவனுடைய ஆர்வத்தைத் தொடவில்லை. அதனால்தான் அறுபது ஆண்டுகளாகியும் அந்தக் காட்சியில் யாரும் புண்படாமல் சிரிக்க முடிகிறது.

நாகேஷை வளர்த்த நாடகக் கலை வடசென்னைக்குப் புதிதல்ல. வால்டாக்ஸ் சாலையின் ஒற்றைவாடை தியேட்டரில் தொழில்முறைக் கம்பெனிகள் நாடகம் போட்டிருக்கின்றன. வேறு வேலையில் இருந்துகொண்டே மேடையேறும் வழக்கத்துக்குப் பாதை போட்ட சுகுண விலாச சபையை, பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கியதும் ஜார்ஜ் டவுன் வட்டாரத்து மனிதர்களோடுதான். பிறகு சபா நாடகங்கள் மயிலாப்பூர், தி.நகர் பக்கம் வேரூன்றின. ஆபீஸ் விட்டு ஒத்திகைக்குப் போவது அங்கே சாத்தியம், பக்கத்திலேயே சபாவும் இருந்தது. 1969-இல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கிய பிறகு வளர்ந்த எங்கள் பக்கத்துக்கு ஷிப்ட் வந்தது, சபா வரவில்லை.

ஆனால் நடிகர்களுக்குக் குறைவில்லை. எங்கள் தெருவில் ஒரு தம்பி கேன்டீனில் பரிமாறுகிறான். பொங்கல் விழாவில் லாரி மேல் போட்ட மேடையில், சான்ஸ் தேடிப் போகிறவனின் ஒரு நாளை நண்பர்களோடு சேர்ந்து நாடகமாகப் போட்டான். எழுதிய வசனம் ஒன்றுமில்லை, பேசிப் பேசியே உருவாக்கியது. அதில் டைரக்டரைப் பார்க்க வந்தவனிடம் ஆபீஸ் பையன், “டீ வாங்கிட்டு வந்துடு” என்று ஃபிளாஸ்கை நீட்டுகிறான். வந்தவன் அதை வாங்கும் விதத்திலேயே முழு மனிதனையும் காட்டிவிட்டான். முதலில் கூச்சம், பிறகு மூடியைத் திருகிப் பார்க்கிறான், உள்ளே மோந்து பார்க்கிறான், “கழுவாம வச்சிருக்கீங்களே சார்” என்று தொழில்காரனாகக் கோபப்படுகிறான். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. முன் வரிசையில் இருந்த கேன்டீன் அக்காக்கள்தான் அதிகம் சிரித்தார்கள். தங்கள் வேலையின் நுணுக்கத்தை ஒருவன் மேடையில் மதித்துக் காட்டுகிறான் என்ற பெருமை அவர்கள் முகத்தில் தெரிந்தது.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது ஒன்றுதான். சாலிகிராமம் கூப்பிடும்போது கூப்பிடட்டும், அதுவரை இங்கே நடித்துக்கொண்டே இரு. ‘சொல்லி அனுப்புறோம்’ என்று சொன்னவர்களுக்காக உடம்பையும் குரலையும் துருப்பிடிக்க விடாதே. பாலசந்தரும் நாகேஷும் யாரும் சொல்லி அனுப்பும்வரை சும்மா இருந்ததில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே நாடகம் போட்டார்கள், நாடகத்தைத் தேடித்தான் சினிமா வந்தது. ‘சர்வர் சுந்தரம்’ படமான அடுத்த ஆண்டே பாலசந்தர் தன் ‘நீர்க்குமிழி’ நாடகத்தைத் தானே படமாக இயக்கினார், கதாநாயகன் நாகேஷ்.

ஊராரும் மாநகராட்சியும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கொடுக்கிற சமூக நலக்கூடங்களை, முகூர்த்தம் இல்லாத நாட்களில் மாலை இரண்டு மணி நேரம் ஒத்திகைக்குக் கொடுக்கலாம். விளக்கும் மின்விசிறியும் ஓடினால் போதும், மற்றதை இந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். மணலியின் கேன்டீனையும் கேட்டையும் ஷிப்ட் பஸ்ஸையும் தெரிந்தவர்கள் எழுதும் ஒரு முழுநீளச் சிரிப்பு நாடகம் மாத்தூரிலிருந்து வர வேண்டும். அதை எழுதக்கூடியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் இடம் கொடுப்போம்.