இல்லாத அணிக்கு ஆள் எடுத்தல்

நடந்து முடிந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுவோர் எல்லா நாடுகளிலும் உளர். நடக்கவிருக்கும் ஆட்டத்தைப் பற்றி, அதுவும் எந்த ஆட்டக்காரர் எத்தனை புள்ளிகள் பெறுவார் என எண்ணிட்டு எழுதுவதை ஒரு தனி எழுத்து வகையாகவே வளர்த்தெடுத்தவர்கள் வட அமெரிக்கர் எனலாம். ஆண்டுதோறும் செப்ரெம்பர் மாதத்தில், பனித்தள ஹொக்கிப் பருவம் தொடங்கச் சில வாரங்கள் இருக்கையில், இவ்வெழுத்து அங்கே பெருக்கெடுக்கின்றது. தேசிய ஹொக்கி லீக்கின் 32 அணிகளும் ஒவ்வொன்றாக ஆராயப்படுகின்றன. யார் வந்தார், யார் போனார், யாருடைய முழங்கால் இன்னும் ஆறவில்லை, பயிற்றுநர் மாறியதால் யாருக்கு ஆடுநேரம் கூடும் என்பனவெல்லாம் பந்தி பந்தியாக விரிகின்றன. ஈற்றில் முதலாமவரிலிருந்து முந்நூறாமவர் வரை ஒரு தரவரிசை. இவற்றை வாசிப்போரிற் பெரும்பாலார் தாம் அமைக்கப்போகும் கற்பனை அணி ஒன்றுக்கு ஆள் எடுப்பதற்காகவே வாசிக்கின்றனர்.

2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் என் தமக்கையார் வீட்டில் மூன்று மாதங்கள் தங்கியிருந்தபோது இவ்வெழுத்தோடு எனக்குப் பரிச்சயம் ஏற்பட்டது. மருமகன் அங்குள்ள பல்கலைக்கழகமொன்றிற் புள்ளிவிபரவியல் பயில்பவன். அவனுடைய மேசையில் பாடநூல்களிலும் கூடுதலாக இத்தாள்களே கிடந்தன. ஹொக்கி மட்டையைக் கையாலும் தொட்டறியாத நான், விடைத்தாள் திருத்திப் பழகிய கண்ணோடு அவற்றைப் புரட்டலானேன்.

ஆட்டத்தின் விதி எளிது. பத்து அல்லது பன்னிரண்டு நண்பர் கூடி, உண்மையான அணிகளில் ஆடுவோரிலிருந்து ஆளுக்கொருவராக முறைவைத்துத் தெரிந்து, ஒவ்வொருவரும் தமக்கென ஓர் அணியைத் தாளில் அமைத்துக்கொள்வர். ஒருவர் எடுத்த ஆட்டக்காரரை இன்னொருவர் எடுத்தல் இயலாது. அதன்பின் அவ்வாட்டக்காரர் உண்மையான களத்தில் கோல் போட்டாலும், பிறர் போடும் கோலுக்கு வழிசமைத்துக் கொடுத்தாலும், அவரைத் தெரிந்தவருக்குப் புள்ளி சேரும். கனடாவில் இதன் எளிய வடிவத்தை ‘ஹொக்கி பூல்’ என்பர். வெயின் கிறெற்ஸ்கி ஆடிய காலத்தில் இவ்விளையாட்டு ஒருவகைச் சங்கடத்துக்குள்ளாயிற்று. 1985–86 பருவத்தில் அவர் 215 புள்ளிகள் பெற்றார்; இரண்டாமிடத்தில் நின்றவர் பெற்றதோ 141. அவரை எடுத்தவரே வெல்வார் என்ற நிலையில், 1980களிற் சில பூல்களில் ஒரே மனிதரை ‘கோல் போடும் கிறெற்ஸ்கி’, ‘வழிசமைக்கும் கிறெற்ஸ்கி’ என இருவராகப் பிளந்து வைத்துக்கொண்டனர்!

இத்தகைய விளையாட்டின் ஒரு வேர் பல்கலைக்கழகத்தில் உண்டு என்பதைப் பலர் அறியார். 1960ஆம் ஆண்டில் ஹாவாட்டில் இருந்த வில்லியம் காம்சன் என்னும் சமூகவியலாளர் பேஸ்போல் ஆட்டத்தை வைத்து நண்பர்களுடன் இவ்வாறான ஒன்றைத் தொடங்கினார். அதற்கு அவர் சூட்டிய பெயர் ‘கருத்தரங்கு’. சூதாட்டம் என்ற பேச்சு எழாதிருக்க இதனினும் பாதுகாப்பான பெயர் உண்டோ? பின்னர் அவர் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது விளையாட்டும் உடன் சென்றது. அங்கே அதில் ஈடுபட்ட றொபேட் ஸ்கிளார் என்னும் பேராசிரியர் வழியாக அதனைக் கேள்வியுற்றவர் அவருடைய மாணவர் டானியல் ஓக்ரென்ற். அவர் 1980இல் நியூயோர்க்கில் தம் நண்பர்களோடு விரிவான விதிகளுடன் நடத்திய ஆட்டமே இன்று கோடிக்கணக்கானோரைப் பிடித்துக்கொண்டிருக்கும் கற்பனை விளையாட்டுகளுக்கு முன்மாதிரியாயிற்று. கருத்தரங்குகளால் உலகம் மாறுவதில்லை என இனி எவரும் சொல்லுதல் கூடாது.

பருவத்துக்கு முந்திய ஆய்வுகளிற் பல வெறும் ஆரவாரம். ‘இவ்வாண்டு இவர் வெடிப்பார்’ என்று எழுதுவதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஆயின் நல்ல ஆய்வாளர் ஒருவர் சென்ற ஆண்டின் எண்ணைப் பார்த்தவுடன் அதனை நம்பிவிடுவதில்லை. அவ்வெண்ணில் எவ்வளவு அம்மனிதருக்கு உரியது, எவ்வளவு அவருக்கு வாய்த்தது என வினவுகின்றார். வில்லியம் கார்ல்சன் என்னும் சுவீடியர் 2016–17இல் கொலம்பஸ் அணிக்காக 6 கோல்களே போட்டவர். அடுத்த பருவத்தில் லாஸ் வேகாஸ் நகரின் புதிய அணிக்குச் சென்று 43 கோல்கள் போட்டார். அவர் அடித்த நூறு அடிகளில் இருபத்துமூன்று கோலாயின. அந்த லீக்கில் நூறு அடிகளில் ஒன்பது, பத்து கோலாவதே பொது வழக்கு. இதனைக் கண்ட ஆய்வாளர்கள், 2018இல் அவரை உயர்ந்த விலைக்கு எடுக்கவேண்டாம் என எச்சரித்தனர். அவ்வாண்டு அவர் போட்டவை 24. திறமை ஓராண்டில் தேய்ந்துவிட்டதென்று இதற்குப் பொருளில்லை. ஆறு கோல் போட்டவரும் நாற்பத்துமூன்று போட்டவரும் இருபத்துநான்கு போட்டவரும் ஏறத்தாழ ஒரே மனிதரே.

இதனிலும் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது ஜொனதன் ஹூபர்டோவின் கதை. 2021–22இல் புளோரிடா அணியில் அவர் 115 புள்ளிகள் பெற்றார். 2022ஆம் ஆண்டு ஜூலையில், மத்தியூ கச்சக் என்பவருக்கு மாற்றாகக் கல்கரிக்கு அனுப்பப்பட்டார். கல்கரியில் 104 புள்ளிகள் பெற்றிருந்த கச்சக் புளோரிடாவில் 109 பெற்றார். ஹூபர்டோ கல்கரியில் பெற்றவை 55. வயது இருபத்தொன்பது, பருவம் முழுதும் ஆட முடியாதவாறு பெருங்காயம் எதுவும் இல்லை. பனியும் அதே பனி. மாறியவை அருகில் ஆடுவோரும், பயிற்றுநரின் முறையும், எதிரணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியிருக்கும் இரண்டு நிமிடங்களில் களமிறங்கும் ஐவரில் அவருக்குக் கிடைத்த பங்குமே. ஆகவேதான் ஆட்டக்காரரைத் தனித்தனியே பட்டியலிடுமுன் அணி அணியாக ஆய்வு எழுதுகின்றனர். யாரோடு யார் ஆடுவார் என்பது தெரியாமல் எவருடைய எண்ணையும் எழுதுதல் இயலாது. ஒருவருடைய புள்ளியை அவர் இருந்த இடத்தோடு சேர்த்துப் பார்க்கலாமா என்ற வினா, 1970களின் தரப்படுத்தலுக்குப் பின் எம் நாட்டிற் சாதாரணமாகக் கேட்கக்கூடிய வினாவன்று. இங்கே அது ஒரு விளையாட்டுக்காகப் பகையின்றிக் கேட்கப்படுவதைக் கண்டு வியந்தேன்.

தெரிவு நாளுக்கான அறிவுரைகளும் உள. பன்னிருவர் கூடினால் முதற் சுற்றில் ஒன்று முதல் பன்னிரண்டு வரையும், அடுத்த சுற்றில் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரையும் முறை திரும்பும். பாம்பு போல வளைவதால் இதனைப் பாம்பு முறை என்பர். முதலாவதாக எடுப்பவருக்கு அடுத்த வாய்ப்பு 24ஆம் தெரிவிலேயே கிடைக்கும். ஆகவே சிறந்தவர் யார் என்பதிலும், இவரை விட்டால் என் முறை திரும்பி வருகையில் இவ்விடத்துக்கு எஞ்சியிருப்பவர் யார் என்பதே முக்கியமாகின்றது. பொருளியல் மாணவர் இறுதிநிலைப் பயன்பாட்டை இதனிலும் எளிதாகக் கற்றல் அரிது. கோல் காப்பாளரை அவசரப்பட்டு எடுக்கவேண்டாம் என்பது இன்னோர் அறிவுரை. அவர்களைப் போல் கணிப்பைப் பொய்ப்பிப்போர் வேறில்லை. 2019 ஜனவரித் தொடக்கத்தில் லீக்கின் கடைசியிடத்திற் கிடந்த சென்ற் லூயிஸ் அணிக்கு, அதற்குமுன் பெரும்பாலும் கீழ்நிலை லீக்குகளிலேயே ஆடிய ஜோர்டன் பின்னிங்ரன் காப்பாளராக வந்தார். அவ்வாண்டே அவ்வணி ஸ்ரான்லிக் கிண்ணத்தை வென்றது. முந்திய செப்ரெம்பரில் அவரைத் தெரிவுக்குரியவராக எவரும் கருதவில்லை.

எல்லா வழிகாட்டிகளும் ஒருமுகமாகச் சொல்லும் அறிவுரை ஒன்றுண்டு. சொந்த ஊர் அணியின் ஆட்டக்காரரை அவர்தம் பெறுமதிக்கு முன்னதாக எடுக்காதே. ரொறன்ரோவில் இது மிகவும் பொருந்தும். அங்கே கூடும் பன்னிருவரில் எண்மராவது மேப்பிள் லீவ்ஸ் அணியை நேசிப்பவராயிருப்பர். ஆதலால் அவ்வணியினருக்கு விலை எப்போதும் கூட. பாசத்துக்கு வரி செலுத்தாதே என்பது மருமகனின் மொழிபெயர்ப்பு.

அத்தானிடம் இதனைச் சொல்ல இயலாது. அவர் 1989இல் அந்நகருக்குச் சென்றவர். இரவு வேலை. சனிக்கிழமை இரவுகளில் மட்டும் ஓய்வு. நிலவறை வீடொன்றில் ஐந்து பேர் கூடித் தொலைக்காட்சியில் ஹொக்கி பார்ப்பர். ஆங்கிலத்தைத் தாம் கற்றது வகுப்பிலன்று, வருணனையாளரிடம் என்பார் அவர். 1992–93இல் டக் கில்மோர் 127 புள்ளிகள் பெற்றதும், 1993 மே மாதத்தில் லொஸ் ஏஞ்சலீசுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் கிறெற்ஸ்கியின் மட்டை கில்மோரின் நாடியைக் கிழித்தபோது நடுவர் தண்டனை வழங்காததும், சற்றுநேரத்தில் அதே கிறெற்ஸ்கி வெற்றிக் கோலைப் போட்டதும் அவருக்கு நேற்று நடந்தவை. அப்பெயரை அவர் வாயாற் சொல்வதில்லை, ‘அந்தாள்’ என்பார். 1967க்குப் பின் ஸ்ரான்லிக் கிண்ணத்தைக் காணாத அணியொன்றை, அந்த நீண்ட வறட்சியின் நடுவில் வந்து சேர்ந்த மனிதர் ஏன் தம்முடையதாக ஏற்றுக்கொண்டார் என்பதை நான் கேட்கவில்லை. எல்லாம் புதிதாயிருந்த ஊரில் மற்றவர்களோடு சேர்ந்து கவலைப்படுவதற்கு அவருக்கு அதுவே முதலிற் கிடைத்தது என நினைக்கின்றேன்.

தெரிவு இரவன்று மருமகன் கணினிக்கு முன் அமர்ந்திருந்தான். அவனுக்கு ஒன்பதாம் இடம். ஆகவே அடுத்தது 16ஆம் தெரிவு. ஒவ்வொன்றுக்கும் தொண்ணூறு விநாடி. 16ஆவதாக அவன் எடுத்தது மிச் மார்னரை. ஒன்பது பருவங்கள் ரொறன்ரோவுக்காக 16ஆம் இலக்கம் அணிந்து ஆடியவர் மார்னர். 2024–25இல் 102 புள்ளிகள் பெற்றவர். 2025 மேயில் ரொறன்ரோ தன் சொந்த மண்ணில் ஏழாவது ஆட்டத்தில் 6–1 எனத் தோற்று வெளியேறியபின், ஜூலைத் தொடக்கத்தில் லாஸ் வேகாசுக்குச் சென்றவர். அவர் ஜக் ஐக்கல் என்னும் சிறந்த நடுக்கள வீரரோடு ஆடுவாரா என்பதே அவ்வாண்டின் ஆய்வுகளிற் பெரிதும் அலசப்பட்ட வினாக்களுள் ஒன்று. மருமகன் தாளின் ஓரத்தில் எழுதியிருந்ததும் அதுவே.

பின்னால் நின்ற அத்தானின் முகம் மாறியது.

“உவனையோ எடுத்தனி? விட்டிட்டுப் போனவனை?”

“அப்பா, இது லீவ்ஸ் இல்லை. இது என்ர ரீம்.”

“அவன் எங்களுக்கு எதிரா கோல் போட்டா நீ கைதட்டுவியோ?”

மருமகன் விடையளிக்கவில்லை. விடை எல்லோருக்கும் தெரிந்ததே. கற்பனை அணி வைத்திருப்பவனுக்கு ஒவ்வோர் இரவும் பல நகரங்களில் ஒவ்வொரு மனிதன் உண்டு; முழுமையாகத் தன்னுடைய நகரம் என்று ஒன்றில்லை. இது எனக்குச் சற்று வறண்டதாகவே தோன்றியது. ஆயினும் போனவனைப் பற்றி அத்தான் கேட்டது ஏன் போனான் என்பதை. மகனுடைய தாள் கேட்டது இனி யாரோடு ஆடுவான் என்பதை. இரண்டில் எது அம்மனிதனுக்கு நியாயம் செய்தது என எண்ணிக்கொண்டிருக்கையில் அக்கா குசினியிலிருந்து சொன்னார்:

“இஞ்சாருங்கோ, நாங்களும் விட்டிட்டு வந்த ஆக்கள் தானே.”

அத்தான் ஒன்றும் பேசாமற் சென்று கதிரையில் அமர்ந்தார். தெரிவு தொடர்ந்தது. பின்கள ஆட்டக்காரர் இருவர், பின் ஒரு கோல் காப்பாளர். 2026 பெப்ரவரியில் இத்தாலியில் நடக்கவிருந்த ஒலிம்பிக்குக்காக ஆட்டங்கள் நெருக்கி வைக்கப்பட்டிருந்தமையால், இரண்டாம் காப்பாளருக்கும் அவ்வாண்டு வேலை கூடும் என மருமகன் எனக்கு விளக்கினான். நள்ளிரவு அணுகியபோது எஞ்சியது கடைசிச் சுற்று. அதில் எடுக்கப்படுபவர் பெரும்பாலும் இரண்டு கிழமையில் நீக்கப்படுபவரே.

“அப்பா, இது உங்கட. ஆரையெண்டாலும் சொல்லுங்கோ.”

அத்தான் தயங்காது ரொறன்ரோவின் நான்காம் வரிசை ஆட்டக்காரர் ஒருவருடைய பெயரைச் சொன்னார். கோல் போடுபவரல்லர், எதிரியின் அடிகளுக்கு முன்னே உடம்பைக் கொடுத்துத் தடுப்பவர். அதற்கும் அப்பூலிற் சிறு புள்ளியுண்டு. மருமகன் பெயரைப் பதிந்தான். அத்தான் எழுந்து சென்று உறங்கினார்.

நான் நாடு திரும்பிய சில நாட்களின்பின் மருமகனிடமிருந்து செய்தி வந்தது. “மாமா, அப்பாவின்ர ஆளை விட்டிட்டு வேற ஆளை எடுத்திட்டன். அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”