நாலு நம்பர், ஒரு அணி

பையனை ஐஸ் ஹாக்கியில் சேர்த்தாச்சு மக்கள்ஸ். கல்கரிக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பக் எங்கே போகுதுன்னே நம்ம கண்ணுக்குத் தெரியாது. அவனுக்கு நல்லாவே தெரியுது. ஸ்கேட்டு, ஹெல்மெட்டு, முழங்காலுக்கு ஒண்ணு தோளுக்கு ஒண்ணுன்னு வாங்கி முடிச்சப்ப பர்ஸு இளைச்சுப் போச்சு. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காத ஒண்ணு இருந்துச்சு. பையன் ஆட இறங்கணும்னா அப்பா, அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் ஆன்லைனில் ஒரு பாடம் படிச்சு முடிச்சிருக்கணுமாம். 'ரெஸ்பெக்ட் இன் ஸ்போர்ட்'னு பேரு. "மேட்ச்சுல உக்காந்து கத்தப் போறது நீங்கதானே, நீங்களே படிங்க"ன்னு தங்கமணி ஒதுங்கிட்டாங்க :-)

படிச்சேன். ஒரு மணி நேரம் ஆச்சு. இந்தப் பாடத்தை நடத்தற நிறுவனத்தை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் ஷெல்டன் கென்னடி. யாருடா இவருன்னு தேடப் போனேன். அது ஸ்விஃப்ட் கரண்ட் பிராங்கோஸ்னு ஒரு ஜூனியர் அணியில் கொண்டுபோய் விட்டுச்சு. ஒரு வாரமா அந்த அணியோட கதையைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். மனசுல வெச்சுக்கிட்டே இருக்க முடியலை, அதான் எழுதறேன். கொஞ்சம் நீளம். காப்பி எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். கல்கரியில் இருந்து ரெஜைனாவுக்கு டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையில் கிழக்கே போனா, 500 கிலோமீட்டர் தாண்டி வர்ற சின்ன ஊர்தான் ஸ்விஃப்ட் கரண்ட். சஸ்காச்சுவான் மாகாணம். ரெண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டின வரைக்கும் கோதுமை வயல். குளிர்காலத்துல அதுவும் இல்லை, வெறும் வெள்ளை. மக்கள்தொகை 16,000 சொச்சம். நம்ம ஊர் கணக்குல ஒரு பேரூராட்சி.

கனடாவுல 16 வயசுல இருந்து 20 வயசு வரைக்கும் உள்ள பசங்க ஆடற பெரிய ஜூனியர் லீக் மூணு இருக்கு. மேற்குப் பக்கம் இருக்கறது வெஸ்டர்ன் ஹாக்கி லீக். என்.எச்.எல். போகணும்னு கனவு காண்ற பசங்களுக்கு இதுதான் படிக்கட்டு. பதினாறு வயசுல பையன் வீட்டை விட்டுக் கிளம்பிடுவான். அந்த ஊர்ல யாராவது ஒரு குடும்பம் அவனைத் தங்க வெச்சு சோறு போடும். அதுக்கு 'பில்லட்' குடும்பம்னு பேரு. பகல்ல பள்ளிக்கூடம், சாயங்காலம் பயிற்சி, வாரக் கடைசியில் ராத்திரி பூரா பஸ் பயணம். நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிக்கூடங்களுக்கு நம்ம ஆளுங்க பிள்ளைகளை அனுப்பற மாதிரின்னு வெச்சுக்கங்களேன். எல்லாம் எதிர்காலத்துக்காக. பெத்தவங்க பல நூறு மைல் தள்ளி. பையனைப் பத்தின அத்தனை முடிவும் ஒரே ஒரு ஆள் கையில். அந்த ஆள்தான் கோச். இதை ஞாபகத்துல வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

பிராங்கோஸ் அணி 1967ல் ஆரம்பிச்சது. பிரையன் ட்ராட்டியே, டேவ் 'டைகர்' வில்லியம்ஸ் எல்லாம் இங்கே ஆடினவங்கதான். ட்ராட்டியே பக்கத்துல வால் மேரிங்கற குட்டி ஊர்க்காரர். பின்னாளில் ஆட்டக்காரரா மட்டும் ஆறு ஸ்டான்லி கோப்பை ஜெயிச்சவர். டைகர் அடிதடி மன்னர். என்.எச்.எல். வரலாற்றுலேயே தண்டனைப் பெட்டியில் அதிக நிமிஷம் உக்காந்த ஆள். ஆனா வீட்டு ஞாபகத்துல ஆட்டத்தையே விட்டுட்டுப் போக இருந்த சின்னப் பையன் ட்ராட்டியேவைப் பேசிப் பிடிச்சு நிறுத்தினது அந்த அடிதடி டைகர்தானாம்! சிரிப்பு வந்தாலும், ஒரு பையன் மனசை இன்னொரு பையன் கேட்டிருக்கான் பாருங்க. எனக்குப் பிடிச்ச இடம் இது.

சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய அணி கட்டுப்படியாகலை. 1974ல் அணி லெத்பிரிட்ஜுக்குப் போயிடுச்சு. ஊர்க்காரங்க விடலை. பன்னிரண்டு வருஷம் கழிச்சு 1986ல் ஊரே சேர்ந்து பணம் போட்டு அணியைத் திரும்ப வாங்கிட்டு வந்தாங்க. இன்னிக்கும் அது முதலாளி யாரும் இல்லாத, ஊருக்குச் சொந்தமான அணி. நம்ம ஊர்ல கோயில் தேரை ஊர்ப்பொதுவில் வெச்சு இழுக்கற மாதிரி.

அணி வீடு திரும்பி நாலு மாசம்கூட முழுசா ஆகலை. 1986 டிசம்பர் 30. ரெஜைனா பாட்ஸ் அணியோட ஆடறதுக்காகச் சாயங்காலம் பஸ் கிளம்புது. சாலையெல்லாம் உறைபனி. ஊரைத் தாண்டின கொஞ்ச தூரத்துல, ரயில் பாதை மேல போற பாலத்துக்கிட்ட பஸ் வழுக்கிடுச்சு. சாலையை விட்டு இறங்கி, ஒரு மண்மேட்டுல மோதி, தூக்கியடிச்சுப் பக்கவாட்டுல விழுந்துச்சு.

பஸ்ஸோட பின்பக்கம் நாலு பசங்க சீட்டாடிக்கிட்டு இருந்தாங்க. நாலு பேரும் போயிட்டாங்க. ட்ரென்ட் க்ரெஸ்ஸே, 20 வயசு. ஸ்காட் க்ரூகர், 19, உள்ளூர்ப் பையன். கிறிஸ் மன்டிகா, 19. பிரென்ட் ரஃப், வெறும் 16. பிரென்ட்டோட அண்ணன் லிண்டி ரஃப் அப்போ என்.எச்.எல்.லில் பஃபலோ சேபர்ஸ் அணித்தலைவர்.

பஸ்ஸில் இருந்து உயிரோட வந்தவங்கள்ல 17 வயசுப் பையன் ஒருத்தன் பேரு ஜோ சாகிக். ஆமா, பின்னாடி கொலராடோவுக்காக 1996லயும் 2001லயும் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கின அதே சாகிக்தான். இன்னொருத்தன் ஷெல்டன் கென்னடி.

தினமும் ஆடற அரங்கத்துலேயே நினைவுக்கூட்டம் நடந்துச்சு. நாலு பேரோட நம்பர் 8, 9, 11, 22. நாலு இலை க்ளோவர் படம் போட்டு, இலைக்கு ஒண்ணா இந்த நாலு நம்பரையும் எழுதி, சட்டையில் தைச்சுக்கிட்டுப் பசங்க திரும்ப ஆட வந்தாங்க. அந்த சீசன்லயே பிளேஆஃபும் போனாங்க. லீக்கோட சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு இன்னிக்கும் 'ஃபோர் பிராங்கோஸ்' நினைவுக் கோப்பைன்னுதான் பேரு. 1988ல் அதை வாங்கினது யாருங்கறீங்க? சாகிக். அந்த சீசன்ல 160 புள்ளி.

1988-89 சீசன் இருக்கே, அது சினிமாக் கதை. 72 ஆட்டத்துல 55 வெற்றி. பிளேஆஃப்ல 12 ஆட்டம், 12 வெற்றி. ஒரு தோல்விகூட இல்லை. கனடா முழுசுக்குமான ஜூனியர் பட்டமான மெமோரியல் கோப்பை அந்த வருஷம் சாஸ்கட்டூன்ல. இறுதி ஆட்டத்துல எதிர்ல நின்னது அந்த ஊரோட சொந்த அணி. 3-3ல் நின்னு கூடுதல் நேரம் போச்சு. டிம் டிஸ்டேல் கோல் போட்டார், கோப்பை பிராங்கோஸுக்கு. அந்த அணியில் செத்துப்போன ஸ்காட் க்ரூகரோட சகோதரர்கள் ரெண்டு பேர் ஆடினாங்க. டேரன் தடுப்பாட்டம், ட்ரெவர் கோல்கீப்பர். விபத்து நடந்து ரெண்டரை வருஷம்கூட முடியலை.

இங்கேயே படத்தை முடிச்சுடலாம். பின்னணி இசை, கண்ணீர், சுபம். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதினாங்க. துக்கத்தை வெற்றியா மாத்தின பயிற்சியாளர்னு கோச் கிரஹாம் ஜேம்ஸைக் கொண்டாடினாங்க. 1989ல் 'தி ஹாக்கி நியூஸ்' பத்திரிகை அவரைத்தான் அந்த வருஷத்தின் மனிதர்னு தேர்ந்தெடுத்துச்சு.

விபத்து நடந்தப்ப அந்தப் பசங்களுக்கு மனநல ஆலோசனை கிடைக்கலை. வெளியாள் வேண்டாம், எங்க அணியை நாங்களே பாத்துக்கறோம்னு சொன்னது கோச். ஹாக்கின்னா அப்படித்தானே, பல்லு உடைஞ்சாலும் துப்பிட்டு ஆடணும்னு ஊரும் ஒத்துக்கிச்சு. கூடப் படுத்து எழுந்த நாலு பேரைப் பனியில் பறிகொடுத்த 17, 18 வயசுப் பசங்க, யார்கிட்டேயும் எதுவும் பேசாம ஆடிக்கிட்டே இருந்தாங்க.

ஏன் வெளியாள் வேண்டாம்? பத்து வருஷம் கழிச்சுத் தெரிஞ்சது.

1996ல் ஷெல்டன் கென்னடி போலீஸ்கிட்ட போனார். அப்போ அவர் என்.எச்.எல். ஆட்டக்காரர். பதினாலு வயசுல இருந்து அந்த கோச் தன்னைப் பாலியல் கொடுமை பண்ணினதைச் சொன்னார். 1997 ஜனவரி 2. கிரஹாம் ஜேம்ஸ் குற்றத்தை ஒப்புக்கிட்டார். ரெண்டு ஆட்டக்காரர்கள், சுமார் 350 முறை. தண்டனை மூன்றரை வருஷம்.

படிக்கறப்ப எனக்கு கை நடுங்கிடுச்சுங்க. அந்தப் பயலோட பதவி, அவன் எங்கே தங்கணும், எத்தனை நிமிஷம் ஆடணும், என்.எச்.எல். ஆளுங்க கண்ணுல படணுமா வேண்டாமா, எல்லாத்தையும் முடிவு பண்றவன் அந்த ஆள். (இதைத்தான் மேலே ஞாபகத்துல வெச்சுக்கச் சொன்னேன்.) வெளியில் இருந்து ஒரு நல்ல மனுஷர் வந்து, "தம்பி, மனசுல என்ன இருக்கு, சொல்லு"ன்னு கேட்டிருந்தா, விபத்தோட சேர்த்து இன்னொண்ணும் வெளியே வந்திருக்கலாம். அந்தக் கதவை உள்ளே இருந்து தாழ் போட்டவனுக்கு அது நல்லாவே தெரிஞ்சிருக்கும்னுதான் எனக்குத் தோணுது.

அதோட முடியலை. சின்ன வயசுல அதே கோச்கிட்ட ஆடின நட்சத்திர ஆட்டக்காரர் தியோ ஃப்ளூரி 2009ல் தன் கதையை எழுதினார். 2012ல் ஃப்ளூரி, டாட் ஹோல்ட் ரெண்டு பேர் வழக்கில் மறுபடி தண்டனை. முதல்ல ரெண்டு வருஷம்னாங்க, 2013ல் மேல்முறையீட்டில் அஞ்சாச்சு. 2015ல் இன்னொரு முன்னாள் பிராங்கோஸ் ஆட்டக்காரர் வழக்கில் மேலும் ரெண்டு வருஷம். இதுக்கு நடுவுல 2007லயே அந்த ஆளுக்கு அரசாங்கத்தோட மன்னிப்பு கிடைச்சிருந்த விஷயம் 2010ல் வெளியே வந்து நாடே கொதிச்சுது. 2012ல் கனடா அந்தச் சட்டத்தையே மாத்துச்சு. குழந்தைகள் மேல பாலியல் குற்றம் பண்ணினவங்களுக்கு இனிமே பொதுவா அந்தச் சலுகை இல்லை.

கென்னடி என்ன ஆனார்? குடி, போதைன்னு ரொம்ப வருஷம் கிடந்தார். 1998ல் கிழக்குக் கரையில் இருந்து மேற்குக் கரை வரைக்கும் கனடா முழுக்க ரோலர் பிளேடிலேயே போனார். சிறார் கொடுமைக்கு எதிரான வேலைக்காக 10 லட்சம் டாலருக்கு மேல சேர்ந்துச்சு. 2004ல் அந்த 'ரெஸ்பெக்ட்' நிறுவனம். 2006ல் நான் ஏன் சொல்லலைங்கற அர்த்தத்துல தலைப்பு வெச்சு ஒரு புத்தகம் எழுதினார். எல்லாரும் கேக்கற முதல் கேள்வி அதுதானே. "அப்பவே சொல்லியிருக்கலாமே?" அந்தக் கேள்வியைக் கேக்கறவங்க, ஊரே கையெடுத்துக் கும்பிடற ஆளைப் பத்தி ஒரு பதினாலு வயசுப் பையன் யார்கிட்ட போய்ச் சொல்லணும்னும் சேர்த்துச் சொன்னா நல்லா இருக்கும்.

அப்போ 1989 கோப்பை பொய்யா? எனக்கு அப்படித் தோணலை. அந்தப் பசங்க ஆடினது நிஜம். க்ரூகர் குடும்பத்துக் கண்ணீர் நிஜம். ஆடினது பசங்க, பேரு வாங்கினது வேற ஒருத்தன். அந்தக் கோப்பையைப் பத்திப் பேசறப்ப அவன் பேரை ஓரமா வெச்சுட்டு 8, 9, 11, 22னு சொன்னாப் போதும்.

பிராங்கோஸ் 1993லயும் 2018லயும் மறுபடி லீக் பட்டம் ஜெயிச்சாங்க. 2018 அணியோட கோல்கீப்பர் ஸ்டூவர்ட் ஸ்கின்னர், பின்னாடி எட்மன்டன் ஆயிலர்ஸுக்காக 2024, 2025 ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றுல நின்னவர். ஆனா 2018னு சொன்னா சஸ்காச்சுவான்ல யாருக்கும் முதல்ல அந்தப் பட்டம் ஞாபகம் வராது. ஏப்ரல் 6 தான் வரும். அதே மாகாணம், இன்னொரு ஜூனியர் அணி, அதுக்கும் பேரு பிராங்கோஸ். ஹம்போல்ட் பிராங்கோஸ். ஆட்டத்துக்குப் போற வழியில் அவங்க பஸ்ஸும் ஒரு லாரியும் மோதி 16 பேர் இறந்தாங்க, 13 பேருக்குக் காயம்.

அந்தச் செய்தி வந்தவுடனே ஹம்போல்ட்டுக்குக் கிளம்பிப் போனவங்கள்ல சில பேர் 1986 பஸ்ஸில் இருந்தவங்க. கென்னடி, பாப் வில்கி, பீட்டர் சோபர்லாக், டேரன் க்ரூகர். எல்லாருக்கும் ஐம்பதை நெருங்கற வயசு. முப்பத்தொரு வருஷம் முன்னாடி தங்களுக்கு யாரும் தராத ஒண்ணைக் கொடுக்கத்தான் போனாங்க. பக்கத்துல உக்காந்து, பேசறியான்னு கேக்க.

மேட்ச் முடிஞ்சு வர்ற பிள்ளைகிட்ட எத்தனை கோல்னு கேக்காத வீடு கிடையாது. கேளுங்க, தப்பில்லை. கூடவே கோச் எப்படி, பஸ்ல யார்கூட உக்காந்தே, எதாவது பிடிக்கலையான்னும் கேட்டு வைங்க. பதில் வர்றவரைக்கும் காத்திருங்க. பாட்டு கிளாஸோ, கிரிக்கெட் கோச்சிங்கோ, ஹாஸ்டலோ, எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

டிஸ்கி: ஆஃப்சைடுன்னா என்ன, ஐசிங்னா என்னன்னு தயவுசெஞ்சு பின்னூட்டத்துல கேக்காதீங்க. பையன்கிட்ட நானே இன்னும் கத்துக்கிட்டு இருக்கேன் :-)